பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம்

உடுமலைப்பேட்டைக்கும் பழனிக்கும் நடுவே, அமராவதிப் பாசனத்தில் கரும்பும் தென்னையும் நெல்லும் விளையும் ஊர் மடத்துக்குளம். சுற்றிலும் நூற்பு மில்கள், கிருஷ்ணாபுரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பி.காம். முடித்த கையோடு திருப்பூருக்கு வண்டி ஏறி, ஏதாவதொரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர் ஆகிறார்கள். அவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் வணிகச் சட்டத்தையும் ஒப்பந்தச் சட்டத்தையும் கொஞ்சம் படிக்கலாமா என்று கேட்டால், பனியன் கம்பெனி வட்டாரத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “அதைப் படிச்சு என்ன பண்ணப் போறீங்க? பையர் போட்டதுதான் சட்டம்.”

இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் ஊரின் அனுபவம் அது. அந்தப் பதிலுக்கு நான்கு கால்கள் உண்டு. இது நம்பிக்கையில் நடக்கும் தொழில், காகிதத்தில் நடப்பதல்ல என்பது முதல் கால். பையர் அனுப்பும் நிபந்தனையை மாற்ற முடியாது, பிறகு படித்து என்ன லாபம் என்பது இரண்டாவது. நம் நாட்டுச் சட்டம் தெரிந்தால் போதும், வெள்ளைக்காரன் சட்டம் எதற்கு என்பது மூன்றாவது. தகராறு வந்தால் வக்கீல் இருக்கிறார், இன்சூரன்ஸ் இருக்கிறது என்பது நான்காவது. நான்கையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தால் எதுவும் தரையில் ஊன்றி நிற்கவில்லை.

நம்பிக்கையிலிருந்து தொடங்கலாம். திருப்பூர் வளர்ந்ததே நம்பிக்கையில்தான் என்பது உண்மை. நூல் கடனுக்கு வரும். ஜாப் ஒர்க் ஒரு துண்டுச் சீட்டில் நடக்கும். டயிங் பட்டறைக்காரர் போன் பேச்சிலேயே லாட் எடுத்துக்கொள்வார். ஆனால் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு கண்காணிப்பு இருக்கிறது. ஏமாற்றியவர் மறுநாளும் அதே ஊரில் நடமாட வேண்டும், அதே கல்யாண மண்டபத்தில் முகம் கொடுக்க வேண்டும். பையர் பிரிட்டனில் இருக்கும்போது அந்தக் கண்காணிப்பு கிடையாது. 2016-இல் பி.எச்.எஸ்., 2020 ஏப்ரலில் டெபனம்ஸ், அதே ஆண்டு நவம்பரில் டாப்ஷாப் கடைகளை நடத்திய ஆர்கேடியா குழுமம் என்று பிரிட்டனின் பெரிய ஆடைக் கடைகள் வரிசையாகத் திவால் நிர்வாகத்துக்குள் போயின. கொரோனா தொடங்கியதும் மேலை நாட்டு நிறுவனங்கள் பல, தைத்து முடித்த ஆர்டர்களைக்கூட ரத்து செய்தன அல்லது பெருந்தள்ளுபடி கேட்டன. இருபது வருடப் பழக்கம் என்பது, நிறுவனத்தைப் பொறுப்பேற்று வரும் திவால் நிர்வாகிக்குப் பொருளே இல்லாத வார்த்தை. அவர் பார்ப்பது கடன் பட்டியலை. விலைக்குப் பிணை எதுவும் வாங்காமல் சரக்கை அனுப்பியவர் அந்தப் பட்டியலின் கடைசிப் பகுதியில்தான் இருப்பார்.

பட்டியலில் கொஞ்சம் மேலே ஏறவும் ஒரு வழி உண்டு. அது பிறந்தது 1976-இல், ஆங்கிலேய மேல்முறையீட்டு நீதிமன்றத்தில். டச்சு நிறுவனம் ஒன்று ரோமால்பா என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு அலுமினியத் தாள் விற்றது. கடன் முழுவதும் தீரும்வரை சரக்கின் உரிமை விற்றவரிடமே இருக்கும் என்ற வரி அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. ரோமால்பா நொடித்தபோது, கிடங்கில் மிஞ்சியிருந்த தாள் மட்டுமல்ல, விற்றுப்போன தாளின் பணமும் டச்சுக்காரருக்கே என்று தீர்ப்பானது. சட்டப் புத்தகங்களில் இதற்கு ரோமால்பா வரி என்றே பெயர். ஆடைக்கு இது நன்றாகப் பொருந்தும். அலுமினியத் தாளை வெட்டினால் வேறு பொருளாகிவிடும். ஸ்டைல் எண்ணோடு பெட்டியில் கிடக்கும் டி-ஷர்ட், விற்கும் வரை அதே டி-ஷர்ட்தான். திவால் நிர்வாகத்தின்போது நிர்வாகியின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் சரக்கை அள்ளிக்கொண்டு வர முடியாது, விற்ற பணத்தைக் கோர வரியை மிகக் கவனமாக எழுத வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் உண்டு. ஆனாலும் அந்த வரி உள்ளவர் பேரம் பேசலாம், இல்லாதவர் கெஞ்சலாம். சரக்கு இன்னும் கடலில் இருக்கிறது, பையர் நொடித்துவிட்டார் என்றால் வழியிலேயே நிறுத்திக்கொள்ளும் உரிமை, விலை வராத விற்பனையாளருக்கு உண்டு. பிரிட்டனின் 1979 சரக்கு விற்பனைச் சட்டத்திலும் இருக்கிறது, நமது 1930 சட்டத்திலும் இருக்கிறது. அந்த உரிமையின் ஆயுள் சில நாள்தான். அது இருப்பதே தெரியாதவருக்கு அந்தச் சில நாளும் கிடையாது.

இரண்டாவது கால்தான் நான்கில் வலுவானது. சிறு ஏற்றுமதியாளர் பெரிய பிராண்டின் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்கிறார்கள். மாற்ற முடியாமலே போகட்டும். ஒப்புக்கொண்டது என்ன என்பதாவது தெரிய வேண்டாமா?

1874-இல் சென்னையிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 600 டன் அரிசி விற்கப்பட்டது. ‘ராஜா ஆஃப் கொச்சின்’ என்ற கப்பலில், மார்ச் அல்லது ஏப்ரல் மாதத்தில் ஏற்ற வேண்டும் என்பது பேச்சு. சரக்கில் பெரும்பகுதி பிப்ரவரியிலேயே ஏறிவிட்டது. தாமதம் அல்ல, முன்கூட்டியே ஏற்றியதுதான் குற்றம். வாங்கியவர் அரிசி வேண்டாம் என்றார். போஸ் எதிர் ஷாண்ட் என்ற அந்த வழக்கில் 1877-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரிசி நல்ல அரிசியா என்பது கேள்வியே அல்ல. மார்ச் என்று எழுதினால் மார்ச். சென்னைத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவர்களின் அவசரம் உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் பாடமாகி, இன்றும் நிற்கிறது.

1933-இல் ஆர்கோஸ் எதிர் ரோனாசன் வழக்கில் இதே கண்டிப்பு இன்னும் கூர்மையானது. சிமென்ட் பீப்பாய் செய்ய அரை அங்குலக் கனத்தில் மரப்பலகை கேட்டார்கள், வந்ததில் பெரும்பாலானவை ஒரு மயிரிழை கூடுதல் கனம். பீப்பாய் செய்ய எந்தத் தடையும் இல்லை. மரத்தின் சந்தை விலை இறங்கியிருந்ததுதான் வாங்கியவரின் உண்மையான வருத்தம். ஆனாலும் நிராகரிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றார்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் (பி.ஓ.) 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், என்று மட்டும் எழுதி, கூடக்குறைய எவ்வளவு என்பதை எழுதாமல் விடும் மெர்ச்சண்டைசர், காம்பாக்டிங் முடிந்து 174 வந்து நிற்கும் துணியோடு இந்த மரப்பலகை வழக்கின் நடுவில்தான் நிற்கிறார். பிரிட்டன் 1994-இல் கொஞ்சம் இறங்கிவந்தது. வணிகர்களுக்கு இடையிலான விற்பனையில், நிராகரிப்பது நியாயமில்லை என்னும் அளவுக்கு மிகச் சிறிய குறை என்றால் நஷ்டஈடுதான், நிராகரிப்பு கூடாது என்று 15-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. நமது 1930 சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. அதாவது ஜி.எஸ்.எம். தகராறில், இங்கிலாந்துச் சட்டம் திருப்பூர்க்காரருக்கு இந்தியச் சட்டத்தைவிட இளக்கமாக இருக்கும் சந்தர்ப்பம் உண்டு. பையர் போட்டதுதான் சட்டம் என்று கும்பிடு போட்டு டெபிட் நோட்டை ஏற்பவருக்கு இந்தக் கணக்கு எட்டாது.

எழுத்தைக் கண்டிப்பாக வாசிக்கும் பழக்கம் விற்பவர் பக்கமும் வெட்டும் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. 1952-இல் பாவியா எதிர் தர்மன்-நீல்சன் என்ற வழக்கு. பிரேசிலிலிருந்து இத்தாலிக்கு நிலக்கடலை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை எப்போது வேண்டுமானாலும் விற்பவர் கப்பலேற்றலாம். பணத்துக்கு வங்கி உறுதி தரும் கடிதமான எல்.சி.யை வாங்குபவர் ஏப்ரல் 22-ஆம் தேதிதான் திறந்தார். கப்பலேற்றும் காலம் தொடங்கும் நாளிலேயே எல்.சி. தயாராக இருந்திருக்க வேண்டும், ஒப்பந்தத்தை மீறியவர் வாங்குபவர்தான் என்றது நீதிமன்றம். எல்.சி. தாமதமாக வந்ததால் நூல் வாங்க முடியாமல் திணறி, பிறகு அந்தத் தாமதத்துக்கும் சேர்த்துத் தானே அபராதம் கட்டும் ஏற்றுமதியாளர் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொண்டால் முதல் மின்னஞ்சலையே வேறு மாதிரி எழுதுவார்.

ஏர் கிளெய்மும் அப்படித்தான். அளவு பார்க்கும் ஃபிட் சாம்பிளுக்கும் நிறம் பார்க்கும் லேப் டிப்புக்கும் ஒப்புதல் தர மூன்று வாரம் இழுத்தடிப்பது பையர். கடைசியில் கப்பல் போய்விட்டது, உன் செலவில் விமானத்தில் அனுப்பு என்பதும் அதே பையர். தன்னுடைய செயலால் தாமதத்தை உண்டாக்கியவர் அந்தத் தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது என்ற கொள்கை 1838-லிருந்தே இங்கிலாந்துத் தீர்ப்புகளில் இருக்கிறது. கட்டட ஒப்பந்த வழக்குகளில் வளர்ந்த கொள்கை என்றாலும் அதன் தர்க்கம் பனியனுக்கும் பொருந்தும். அதைச் சொல்ல வழக்குப் போட வேண்டியதில்லை. ஒப்புதல் எந்தத் தேதியில் கேட்கப்பட்டது, எந்தத் தேதியில் வந்தது என்ற இரண்டு தேதிகளோடு ஒரு கடிதம் போதும். தேதி இல்லாத வாட்ஸ்அப் புலம்பல் சான்றாகாது.

மூன்றாவது கால், தேசப்பற்றின் உடை உடுத்தி வருகிறது. சுதந்திரம் வாங்கியது எதற்கு, இன்னும் லண்டன் சட்டமா என்ற கேள்வி மேடையில் கைத்தட்டல் வாங்கும். உடுமலை அரசு கலைக் கல்லூரியில் பி.காம். வணிகச் சட்டம் படிக்கும் மாணவரின் பாடப் புத்தகத்தைத் திறந்தால் அந்தக் கேள்வி தானாக அடங்கிவிடும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் படிக்கிறார், அதில் இங்கிலாந்தின் கார்பாலிக் புகைப்பந்து வழக்கைப் படிக்கிறார். 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தைப் படிக்கிறார், அதன் முன்மாதிரி 1893-இன் ஆங்கிலச் சட்டம். பாதி வழி அவர் ஏற்கெனவே நடந்துவிட்டார். மிச்சமிருப்பது இரண்டும் எங்கே பிரிகின்றன என்பதுதான். பணம் போகும் இடமும் அதுதான்.

தாமதத்துக்கு வாரம் இத்தனை சதவீதம் பிடித்தம் என்ற வரி ஓர் எடுத்துக்காட்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். 1963-இல் ஃபதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிய நிலை இது. இங்கிலாந்தில் 2015-இல் மக்தேசி வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வேறு திசையில் போனது. வாங்குபவருக்கு நியாயமான வணிக அக்கறை ஒன்று இருந்து, அதற்கு முற்றிலும் பொருந்தாத அளவில் தொகை இல்லையென்றால், எழுதியபடி முழுத்தொகையும் செல்லும். ஒரே வரி, இரண்டு சட்டம், இரண்டு விடை. சட்டம் எது என்பதைத் தீர்மானிக்கும் ஒற்றை வாக்கியம் பி.ஓ.வின் பின்பக்கத்தில், கடைசிக்கு முந்தைய பத்தியில், சின்ன எழுத்தில் கிடக்கிறது.

சர்வதேச விற்பனைக்கென்று ஐ.நா. 1980-இல் உருவாக்கிய வியன்னா உடன்படிக்கை காப்பாற்றாதா என்றால், அதில் பிரிட்டனும் உறுப்பில்லை, இந்தியாவும் உறுப்பில்லை. ஜெர்மனியும் நெதர்லாந்தும் ஸ்பெயினும் உண்டு. ஆகவே லண்டன் பையருக்கு விற்கும்போது ஏதாவதொரு நாட்டின் சட்டத்தில்தான் போய் விழ வேண்டும்.

இங்கிலாந்துச் சட்டத்தை ஏழைப் பங்காளன் என்று யாரும் புகழ வேண்டாம். சின்ன எழுத்து நிபந்தனைகளிலிருந்து பிரிட்டனின் சிறு வணிகரைக் காக்க 1977-இல் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் வந்தது. அதன் 26-ஆம் பிரிவு சர்வதேசச் சரக்கு ஒப்பந்தங்களை அந்தப் பாதுகாப்பிலிருந்து வெளியே நிறுத்திவிட்டது. லெஸ்டரில் தைப்பவருக்குக் கிடைக்கும் குடை திருப்பூரில் தைப்பவருக்கு இல்லை. தாமதமாகப் பணம் தந்தால் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் கேட்கலாம் என்ற 1998 சட்டமும், ஒப்பந்தத்துக்கும் இங்கிலாந்துக்கும் உண்மையான தொடர்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளிநாட்டவருக்குக் கை கொடுக்கும். இந்த ஓட்டைகள் படிக்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகா. குடை எங்கே கிழிந்திருக்கிறது என்று தெரிந்தவர்தான் நனையாமல் நடக்க முடியும்.

நான்காவது காலுக்கு வருவோம். இன்சூரன்ஸ் என்றால் இங்கே ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனமான இ.சி.ஜி.சி. பையர் நொடித்தாலும், நெடுநாள் பணம் தராவிட்டாலும் அது ஈடு தரும். ஆனால் சரக்கின் தரம் பற்றிப் பையர் தகராறு எழுப்பிவிட்டால், பையரின் நாட்டு நீதிமன்றத்தில் ஏற்றுமதியாளர் தமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கி வந்தால்தான் ஈடு. தர நினைக்காத பையர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஷேட் மாறியிருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல். அந்த ஒரு வரியில் இன்சூரன்ஸ் நின்றுபோகும், வழக்கு மான்செஸ்டருக்குப் போய்விடும். செக்கிங் அறிக்கை, ஒப்புதல் தந்த சாம்பிள், எத்தனை நாளுக்குள் குறை சொல்ல வேண்டும் என்ற வரி ஆகியவற்றை முதலிலேயே கட்டி வைத்திருந்தால்தான் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் இருக்கும்.

வக்கீல் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கைக்குக் கொங்கு மண்டலம் ஏற்கெனவே ஒரு முறை விலை கொடுத்துப் பார்த்தது. 2007, 2008-இல் வங்கிகள் விற்ற அந்நியச் செலாவணி டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் திருப்பூர் ஏற்றுமதியாளர் பலர் கையைச் சுட்டுக்கொண்டனர். அந்த வகை வியாபாரத்துக்கு உலகெங்கும் பயன்படும் ஐ.எஸ்.டி.ஏ. படிவம், ஆங்கிலச் சட்டம் அல்லது நியூயார்க் சட்டம் என்ற இரண்டில் ஒன்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கோவையின் ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம், இது சூதாட்டம், செல்லாது என்று ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. சூதாட்ட ஒப்பந்தம் அல்ல என்று 2008-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையெழுத்துக்குப் பிறகு எவ்வளவு நல்ல வக்கீலும் எழுதியதை அழித்து எழுத முடியாது.

வழக்குக்கே போகாமல் இருந்துவிடலாம், லண்டன் தீர்ப்பு நம்மை என்ன செய்யும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் கையில் ஒரு நல்ல சீட்டும் இருக்கிறது. லூதியானாவின் இன்டர்நேஷனல் உல்லன் மில்ஸுக்கு எதிராக ஸ்டாண்டர்ட் உல் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இங்கிலாந்தில் ஒருதலைத் தீர்ப்பு வாங்கியது. அது வழக்கின் தகுதியை ஆராய்ந்து தந்த தீர்ப்பல்ல, இங்கே நிறைவேற்ற முடியாது என்று 2001-இல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சான்றுகளைப் பார்த்து, காரணம் எழுதித் தந்த தீர்ப்பு அப்படித் தப்பாது. பிரிட்டனின் உயர் நீதிமன்றத் தீர்ப்பை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவின்படி நம் மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். இன்னொன்று, லூதியானா மில் பணம் தர வேண்டியவர் இடத்தில் இருந்தது. திருப்பூர் ஏற்றுமதியாளர் பெரும்பாலும் பணம் வர வேண்டியவர். ஓடி ஒளிவதால் கடன்பட்டவருக்கு லாபம் இருக்கலாம், வசூலிக்க வேண்டியவருக்கு அதில் ஒரு காசு இல்லை.

நான்கு கால்களையும் ஒன்றாகச் சோதித்த நிகழ்வுகளும் நடந்திருக்கின்றன. 2011 ஜனவரி 28 அன்று, நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன, கையில் ஆர்டரோடு ஊர் விழித்தது. கைமீறிய நிகழ்வுக்கு விலக்குத் தரும் ஃபோர்ஸ் மெஜர், இங்கிலாந்துச் சட்டத்தில் தானாகக் கிடைக்கும் சலுகை அல்ல. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. நீதிமன்ற உத்தரவும் அரசு உத்தரவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று அந்த ஜனவரிக்கு முன்பு பார்த்திருக்க வேண்டும். எழுதாதவருக்கு மிஞ்சுவது, ஒப்பந்தமே நிறைவேற்ற முடியாததாகிவிட்டது என்ற வாதம். வேறு ஊரில் சாயம் போட வழி இருக்கும்வரை அது எடுபடுவது கடினம்.

1956-இல் சூயஸ் கால்வாய் மூடியபோதும் இதே கேள்விதான். சூடான் நிலக்கடலையை ஹாம்பர்க் வரை கூலியும் சேர்த்து சி.ஐ.எஃப். விலையில் விற்றவர்கள், ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் கப்பல் கூலி இரு மடங்கு, ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். சுற்றிப் போ என்றது பிரபுக்கள் அவை. 2023 இறுதியில் செங்கடல் தாக்குதலால் கப்பல்கள் மறுபடியும் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. தூத்துக்குடி எஃப்.ஓ.பி. என்று விற்றிருந்தவருக்குக் கப்பல் ஏறியதோடு பொறுப்பு முடிந்தது. இறக்குமதி வரி வரை எல்லாம் உள்ளடக்கிய டி.டி.பி. விலைக்கு ஒப்புக்கொண்டவர் கூடுதல் கூலியைத் தலையில் சுமந்தார். மூன்றெழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்தைப் பி.ஓ.வில் சரிபார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் முதலாளியும் அல்ல, வக்கீலும் அல்ல, மடத்துக்குளத்திலிருந்து வந்த இருபத்து நான்கு வயது மெர்ச்சண்டைசர்.

அதற்காக லண்டனுக்குப் போய் எல்.எல்.எம். படிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல இது. அந்தப் பட்டத்தின் செலவை ஒரு சிறு கம்பெனி தாங்காது, தேவையும் இல்லை. கேட்பது ஒரு பருவத் தாள் அளவு படிப்பு. எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம் என்ற வரி, எஃப்.ஓ.பி., டி.டி.பி. போன்ற சொற்களை விளக்கும் இன்கோடெர்ம்ஸ் 2020, எல்.சி.க்கான யு.சி.பி. 600 விதிகள், ரோமால்பா வரி, தாமத அபராதம், ஃபோர்ஸ் மெஜர், யாருடைய படிவம் கடைசியில் செல்லும் என்ற கேள்வி. தேர்வில் பக்கம் பக்கமாக வரையறை எழுதச் சொல்லாமல், பெயரை அழித்த ஓர் உண்மையான பி.ஓ.வைக் கொடுத்து, எதிர்க்க வேண்டிய மூன்று வரிகளைக் கண்டுபிடி என்று கேட்கலாம்.

இதற்கான நேரமும் நெருங்கிவிட்டது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்திய ஆடைகளுக்கு பிரிட்டன் சுங்க வரியை நீக்க அது வழி வகுக்கிறது. பங்களாதேஷுக்குப் போன ஆர்டர்களில் ஒரு பங்கு இங்கே திரும்பும் என்று திருப்பூர் எதிர்பார்க்கிறது. வரி போனாலும் பி.ஓ.வின் பின்பக்கம் போகாது. ஆர்டர் கூடினால் அந்தச் சின்ன எழுத்தும் கூடவே வரும். அதை முழுதாக மாற்ற முடியாவிட்டாலும், ஆர்டரை உறுதி செய்யும் மின்னஞ்சலில் இரண்டு வரி சேர்ப்பதை இன்றைக்கும் யாரும் தடுக்கவில்லை: ஷிப்மென்ட் தேதி, ஃபிட் சாம்பிளுக்கும் லேப் டிப்புக்கும் ஒப்புதல் வந்த நாளிலிருந்து எண்ணப்படும், ஜி.எஸ்.எம்.மில் 5 சதவீதம் வரை கூடக்குறைய ஏற்கப்படும். பையர் மறுத்தால் விலையில் அந்த ஆபத்தைச் சேர்க்கலாம். மறுக்காமல் உற்பத்திக்கு ஒப்புதல் தந்தால், அடுத்த ஏர் கிளெய்ம் வரும்போது மேஜையில் வைக்க ஒரு காகிதமாவது இருக்கும்.